ஊரின் பழைய அஞ்சலட்டைகளும் போட்டோக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துப் பழைய படங்களைச் சேர்க்க ஆரம்பித்த பிறகு, பல ஊர்க்காரர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்கள்தான். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர் ரொம்பச் சின்ன ஊர். அதன் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. எதைச் சேர்ப்பது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பதில்: கல்யாண ஆல்பங்களைச் சேருங்கள்.

அஞ்சலட்டை போட்டவர்கள் விற்கிற படத்தைத்தான் போட்டார்கள். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட அட்டைகளைப் பாருங்கள். மவுண்ட் ரோடு, ஹைகோர்ட், சென்ட்ரல் ஸ்டேஷன், மெரினா, ஊட்டி, பெரிய கோயில் கோபுரங்கள். வெள்ளைக்காரர் ஊருக்கு அனுப்பி, "நான் இருக்கும் இடம் இதுதான்" என்று காட்ட ஏற்ற காட்சிகள். நம் ஊர்க் கடைத்தெருவை அவர்கள் எதற்கு எடுக்கப்போகிறார்கள்?

அந்தக் கடைத்தெரு வேறு இடத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த ஒரு மாப்பிள்ளை அழைப்புப் படத்தைச் சொல்கிறேன். திறந்த காரில் மாப்பிள்ளை, கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கியவர்கள். குடும்பத்துக்கு முக்கியம் மாப்பிள்ளை. ஊருக்கு முக்கியம் அவருக்குப் பின்னால் இருப்பது: ஒரு பாத்திரக்கடை போர்டு, "காபி கிளப்" என்று பாதி மட்டும் தெரியும் இன்னொரு போர்டு, தெரு நெடுக ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் திண்ணை, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பெண்கள். இன்று அந்தத் தெருவில் திண்ணை என்று ஒன்று கிடையாது. போட்டோகிராபர் இதையெல்லாம் எடுக்க நினைக்கவே இல்லை. ஃபிளாஷ் வெளிச்சம் போன தூரம் வரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் யாரிடமும் "ஊர்ப் படம் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்றுதான் பதில் வரும். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு விழா, பள்ளி குரூப் போட்டோ, தேர் அன்று எடுத்தது, சாவு வீட்டில் எடுத்தது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பீரோ திறக்கும்.

அப்படியானால் அஞ்சலட்டைகளால் பயனே இல்லையா?

நிறைய இருக்கிறது. குடும்பப் படத்தில் தேதி இருக்காது. அஞ்சலட்டையில் தபால் முத்திரை, அரசர் தலை, முகவரி என்று வயதுக்குப் பல சாட்சிகள் உண்டு. தேதி தெரிந்த அட்டையை வைத்துத்தான் தேதி தெரியாத குடும்பப் படத்தை அளக்க முடியும்.

இந்தியாவில் சாதா அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை கால் அணா. பத்து வருஷம் முன்பு, 1869-ல், ஆஸ்திரியா-ஹங்கேரியில் தொடங்கிய பழக்கம் அது. படம் போட்ட அட்டைகள் சூடுபிடித்தது 1900-ஐ ஒட்டித்தான். முதல் உலகப்போர் வரையான காலத்தில் உலகம் முழுக்க ஒரு பைத்தியம் போல இதைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் படங்கள் பல ஜெர்மனிக்குப் போய் அச்சாகித் திரும்பின. 1914-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது.

ஒரு அட்டையோ படமோ எந்த வருஷத்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் திருப்பிப் பாருங்கள். முகப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன்பே பின்பக்கம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு இல்லாமல் முழுக்க முகவரிக்கே விட்டிருந்தால் அது ஆரம்ப காலத்தது. செய்தியையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுதப் பிரித்துக் கொடுத்தது முதலில் பிரிட்டன், 1902-ல். மற்ற நாடுகள் அடுத்த சில வருஷங்களில் பின்பற்றின. கோடில்லாத அட்டைகளில், எழுத இடம் இல்லாமல் படத்தின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் நலம் விசாரித்திருப்பார்கள். அதை அழுக்கு என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு.

தபால்தலையில் விக்டோரியா என்றால் பொதுவாக 1901 வரை, எட்வர்ட் என்றால் 1902 முதல் 1910 வரை, தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பின் 1930களின் நடு வரை, தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் என்றால் அதற்கும் பின். நயா பைசா என்று இருந்தால் 1957-க்குப் பிந்தையது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை. "மெட்ராஸ் ஸ்டேட்" என்று அச்சிட்டிருந்தால் 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் கடைக்காரர் பழைய லெட்டர்ஹெட்டைத் தீரும் வரை விடமாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

தபால் முத்திரை, அட்டை அனுப்பிய தேதியைத்தான் சொல்லும். படம் எடுத்த தேதி வேறு. ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் முகப்பு. அங்கே பார்க்க வேண்டியது எது இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதுதான். மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை நின்றால் 1937-க்குப் பிந்தைய படம் அல்ல. ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் அதை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னையில் டிராம் ஓடினால் 1953-க்குள். மூர் மார்க்கெட் முழுசாக நின்றால் 1985 தீ விபத்துக்கு முன். ஸ்ரீரங்கத்தில் தெற்கு ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்றால், 1987 கும்பாபிஷேகத்துக்கு வெகு முந்தையது. இன்று 236 அடி உயரத்தில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைகள் அந்தப் படத்தை வேறு ஊர் என்றே நினைப்பார்கள். கன்னியாகுமரியில் கடலுக்குள் பாறை வெறுமனே கிடந்தால் விவேகானந்தர் மண்டபம் திறந்த 1970-க்கு முன். தனுஷ்கோடியில் ரயிலும் கட்டடங்களுமாக ஜனநடமாட்டம் இருந்தால், 1964 டிசம்பர் புயலுக்கு முன்.

கும்பகோணத்துக்கு இன்னொரு வசதி. மகாமகம் ஏறத்தாழ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான். குளம் நிறையத் தலையாக இருக்கும் கலர் படம் வந்தால் 1968, 1980, 1992 என்று இரண்டு மூன்று வருஷங்களுக்குள் அடங்கிவிடும். பிறகு வேட்டிக் கரையையும் மின்கம்பத்தையும் வைத்து ஒன்றாகக் குறைக்கலாம். உங்கள் ஊரிலும் எப்போதாவது நடக்கும் கும்பாபிஷேகம் ஒன்று இருக்கும். அந்த வருஷங்களைக் கோயில் கல்வெட்டிலிருந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணத் தெருப் படத்துக்குச் சுவரைப் பாருங்கள். இரட்டை இலை வரைந்திருந்தால் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன்னால் போக முடியாது, அ.தி.மு.க.வுக்கு அந்தச் சின்னம் முதலில் கிடைத்ததே அங்கேதான். சினிமா போஸ்டர் ரொம்ப உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். டூரிங் டாக்கீஸுக்குப் படம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் ஆகும். பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எனவே போஸ்டர், "இந்த வருஷத்துக்கு முன் இல்லை" என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் குறிப்பை நம்பலாமா?

சரிபார்க்காமல் நம்பாதீர்கள். ஊர் பெயர் மாறியிருக்கும், கோயில் பெயர் மாறியிருக்கும். ஒரே படம் இரண்டு வெளியீட்டாளரிடம் இரண்டு பெயரில் வரும். ஆரம்ப காலக் கலர் அட்டை என்றால் இன்னும் சந்தேகம் வேண்டும். எடுத்தது கருப்பு வெள்ளைதான். நிறம் ஏற்றியவர் அந்த இடத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். கோபுரம் இளஞ்சிவப்பாக இருப்பதை வைத்து "அந்தக் காலத்தில் இந்த வண்ணம் அடித்திருந்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

இதை விட முக்கியமான ஒன்று, மனிதர்களைக் காட்டும் அட்டைகள். வண்ணான், தண்ணீர்காரர், சமையல்காரர், நாட்டியப் பெண் என்று வகை பிரித்து, பெயர் இல்லாமல், ஒரு மாதிரிப் பொருளாக நிறுத்தி எடுத்தவை. பெண்கள் ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்ப்பதை "மெட்ராஸ் ஹன்ட்" என்று வேட்டையாக்கிக் கேலி செய்த அட்டைகள் அந்த நாளில் நன்றாக விற்றன. சென்னை, பெங்களூரு அஞ்சலட்டைகளுக்கென்றே 2018-ல் லண்டனில் சோவாஸ் (SOAS) என்ற உயர்கல்வி நிறுவனத்தில் நடந்த கண்காட்சி இந்தப் பார்வையையெல்லாம் விரிவாகக் காட்டியது. இவற்றை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. ஆனால் "நம் முன்னோர் வாழ்க்கை" என்று தலைப்புப் போட்டுப் பகிர்வதற்கு முன், யார் யாருக்கு விற்க எடுத்தது என்று ஒரு வரி சேருங்கள்.

அஞ்சலட்டைக்கு முந்தைய படங்கள் நம் பக்கம் உண்டா?

உண்டு. 1857, 58-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் சுற்றி எடுத்திருக்கிறார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீள ஒரே படமாக்கினார். இவை பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஆபத்தில் இருப்பது இவை அல்ல, உங்கள் அத்தை வீட்டுப் பரண்.

எப்படி ஸ்கேன் செய்வது?

கண்ணாடித் தட்டு ஸ்கேனர் ஒன்று போதும். தாளை உள்ளே இழுக்கும் வகை வேண்டவே வேண்டாம். மடங்கிய ஓரம் கிழிந்துவிடும். அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் சைஸுக்கு 1200, நெகட்டிவ் என்றால் 2400-க்குக் குறையாமல். கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும்கூடத் தகவல்தான். மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்புக்கு வேண்டுமானால் தனியாக ஜேபெக் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அனுப்பச் சொல்லும்போது "டாக்குமென்டாக அனுப்புங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

முன், பின் இரண்டு பக்கமும். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, "என் அன்பு நண்பனுக்கு" என்ற கையெழுத்து எல்லாம் பின்னால்தான் இருக்கும். ஆல்பமாக இருந்தால் படத்தைக் கழற்றும் முன் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் பிறகு உதவும்.

வீட்டைவிட்டு வெளியே தரமாட்டோம் என்பார்கள், அது நியாயம். அப்போது செல்போன் போதும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் அணைத்து, படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

பழைய படத்தை ஏஐ வைத்துக் கலராக்கலாமா, தெளிவாக்கலாமா?

விளையாட்டுக்குச் செய்யலாம். ஆவணமாக வைக்கக் கூடாது. மங்கிய முகத்தை "தெளிவாக்கும்" செயலி அந்த முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை, புதிதாக ஒன்றை வரைகிறது. கடை போர்டில் இருக்கும் தமிழ் எழுத்தை என்ன பாடு படுத்தும் என்பதை ஒருமுறை செய்து பாருங்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் கோப்பின் பெயரிலேயே "மாற்றியது" என்று எழுதுங்கள். ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

ஒரிஜினலை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நம் ஊர் வெயிலும் மழைக்கால ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயரமாக, இரும்பு பீரோவில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்துக்குப் பிறகு மாற்றுங்கள். பாச்சை உருண்டையைப் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள்.

பழைய கறுப்புத்தாள் ஆல்பம், நடுவில் பட்டர் பேப்பர், மூலைக்கு கார்னர் ஒட்டியது, நல்ல ஏற்பாடு. அப்படியே விடுங்கள். நாசம் செய்தது பின்னாளில் வந்த பசை ஆல்பம், மேலே பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டுகிற வகை. அதில் இருப்பதை முடிந்தவரை சீக்கிரம் வெளியே எடுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன், செல்லோடேப், பின்பக்கம் பால்பாயிண்ட் பேனா மூன்றும் கூடாது. எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலில், ஓரமாக.

தாத்தா படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?

வேண்டாம். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறம் இருக்கும் சந்தனம் குங்குமத்தை லேசான ஈரத்துணியால் துடைத்து (தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது), கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பின்பலகையை மட்டும் பாருங்கள். கரையான் வருவது அங்கிருந்துதான். புதிதாக ஃபிரேம் போடுகிறவர்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டையால் ஒரு மெல்லிய இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பிரதியை மாட்டி, ஒரிஜினலைப் பெட்டியில் வைப்பது.

வெள்ளத்தில் ஆல்பம் நனைந்துவிட்டது.

2015 டிசம்பரில் சென்னையில் பலர் செய்தது, நனைந்த ஆல்பத்தை மூடியபடி வெயிலில் காயவைத்தது. மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சேற்றைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படப்பக்கம் மேலே தெரிய நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளைக்குள் முடிக்க வேண்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீஸரில் வையுங்கள், பிறகு நிதானமாகப் பார்க்கலாம். கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃபிரீஸரில் வைக்கக் கூடாது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்டு எழுதுவது?

படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "இது யார் தெரிகிறதா" என்று பரீட்சை வைத்தால் பதறிவிடுவார்கள். அவர்களே ஆரம்பிப்பார்கள்: "இது நம்ம பெரியப்பா கடை. அந்தப் பக்கம் சந்து போகும்." போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பிரிண்ட் பெரிதாக எடுத்துக்கொண்டு போங்கள், போன் திரையில் பாட்டிமார்களுக்கு முகம் தெரியாது. குரூப் போட்டோ என்றால் மேலே டிரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளுக்கு எண் போட்டு, எண்ணுக்கு எதிரே பெயர் எழுதுவதே சுலபம். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும், யார் சொன்னது என்பதோடு எழுதிவையுங்கள். தீர்ப்பு சொல்ல அவசரம் இல்லை.

ஊரில் பழைய ஸ்டூடியோ ஒன்றை மூடுகிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

இன்றே போங்கள். நெகட்டிவ்களை வெள்ளிக்காக எடைக்குப் போடுவதும், கண்ணாடி நெகட்டிவைக் கழுவி ஃபிரேமுக்கு உபயோகிப்பதும் நடந்திருக்கிறது. நெகட்டிவோடு பில் புத்தகத்தையும் கேளுங்கள். எண், பெயர், தேதி எல்லாம் அதில்தான். வரைந்த திரைச்சீலை மிச்சம் இருந்தால் அதையும் படம் எடுங்கள். ஊரில் பாதிப் பேர் அந்த அரண்மனைப் படிக்கட்டின் முன்தான் நின்றிருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் பிலிம் அழுகிக்கொண்டிருக்கிறது. அவற்றைத் தனியாக வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. எப்படி விவரக்குறிப்பு எழுதுவது என்பதற்கு அது நல்ல மாதிரி.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

அட்டையைக் காசு கொடுத்து வாங்கியதால் அதன் காப்புரிமை நமக்கு வராது. ஆனால் பழைய படங்களில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இப்போதைய சட்டம் அமலுக்கு வந்த 1958 ஜனவரிக்கு முன் எடுத்தவற்றுக்குப் பழைய சட்டப்படி 50 வருஷம்தான், அது முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தையவற்றுக்கு, வெளியானதிலிருந்து 60 வருஷம் என்று இருந்த கணக்கை 2012 திருத்தம் மாற்றி, எடுத்தவர் ஆயுள் முடிந்து 60 வருஷம் என்று ஆக்கியது. பலருக்குத் தெரியாதது: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான், ஸ்டூடியோவுக்கு அல்ல.

சட்டத்தைத் தாண்டி ஒன்று. பின்பக்கக் கடிதத்தில் கடன் பாக்கியும் குடும்பச் சண்டையும் இருக்கும். வீட்டாரைக் கேட்காமல் அதைப் பொதுவில் போடாதீர்கள்.

அட்டைகளை எங்கே வாங்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஆல்பங்கள் கிடைக்கும். பர்மா, மலேயா போனவர்கள் அனுப்பியவையும் கலந்திருக்கும். தபால்தலைக் கண்காட்சிகளில் கேளுங்கள். தபால்தலைக்காக மூலையை வெட்டி எடுத்த அட்டைகள் மலிவாக வரும், படம் மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும். இணைய ஏலத்தில் விலை ஏறினால் விட்டுவிடுங்கள். விற்பவர் போட்ட படத்தையே ஆய்வுக்குக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்ததை எனக்குப் பின் யாரிடம் கொடுப்பது?

ஸ்கேன் பிரதிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும்: ஒன்று உங்கள் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ. காப்புரிமை முடிந்தவற்றை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொது இணையப் படக் களஞ்சியத்தில் தமிழ் விவரத்தோடு ஏற்றலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் என்றால் நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. 1981-ல் யாழ் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு ஒரே பிரதியின் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரிஜினல்களுக்கு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகலாம். காரைக்குடி அருகே கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் வீட்டில் சேர்த்ததிலிருந்துதான் அந்த நூலகமே வந்தது. எங்கே கொடுத்தாலும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: பொதுமக்கள் பார்க்க முடியுமா, டிஜிட்டல் பிரதி நமக்குக் கிடைக்குமா, பட்டியலில் கொடுத்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்குமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைக் கொடுக்கும்போது பெயர் எழுதிய நோட்டையும் அதே பெட்டிக்குள் வையுங்கள், ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு.